காகிதம் இல்லாத வாசிப்பு

நாயனக்காரர் முன்னால் நோட்டுப் புத்தகம் விரித்து வைத்து எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க முடியாது. கல்யாண மண்டபமோ சாமி புறப்பாடோ, அவர் கையில் நாகஸ்வரம் மட்டும்தான். அடுத்த அரை மணி நேரம் என்ன வாசிக்கப் போகிறார் என்று அவரையே கேட்டால் ஒரு ராகத்தின் பெயரைச் சொல்வார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. வாசிக்கப் போவது இன்னும் உண்டாகவே இல்லை.

டீ சூடாக இருக்கிறது, அவசரம் வேண்டாம். ஜாஸ் என்று ஓர் அமெரிக்க இசை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் பெரிய பேர் வாங்கி உலகம் சுற்றுகிறவர்களை விட்டுவிடுங்கள். உள்ளூரில் வாசித்துப் பிழைக்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ஒரு ஓட்டல், நாளை ஒரு கல்யாணம், மறுநாள் ஒரு சாவு ஊர்வலம். கூப்பிட்டால் போவார். பெட்டியைத் திறந்து, கூட வாசிக்க வந்தவர்களிடம் ஒரு பாட்டின் பெயரையும் சுருதியையும் சொல்வார். அதன்பின் வருவதில் பெரும்பகுதி அங்கேயே, அப்போதே பிறப்பது. ராத்திரிக்கு இவ்வளவு என்று பணம். இப்படி ஒருவரைக் காரைக்கால் பக்கம் தேடினால் சாக்ஸபோன் பெட்டியோடு கிடைப்பது அரிது. நாயனப் பெட்டியோடு கிடைப்பார்.

இந்த இரண்டு பேரும் ஒரே தொழில்காரர்கள் என்பது என் கட்சி. இருவருக்கும் மூலதனம் மனோதர்மம், அதாவது அந்தந்த நேரத்தில் கற்பனை செய்து வாசிப்பது. அதை மனம் போன போக்கு என்று பலர் நினைக்கிறார்கள். கட்டுப்பாடு இறுக்கமாக இருக்கிற இடத்தில்தான் அது வேலை செய்கிறது. ஜாஸ்காரருக்கு ஒரு பாட்டின் அடியில் ஓடும் சுரக்கூட்டு வரிசை கட்டுப்பாடு. 12 அளவோ 32 அளவோ ஒரு சுற்று முடிந்ததும் அதே வரிசை முதலிலிருந்து திரும்பி வரும். ஒவ்வொரு சுற்றிலும் அதன்மேல் அவர் புதிதாக ஒன்றை ஊத வேண்டும். நாயனக்காரருக்குக் கட்டுப்பாடு ராகம். தோடியில் காந்தாரத்தை எப்படி அசைக்க வேண்டும், பஞ்சமத்தை எங்கே விட்டுத் தாண்டினால் அழகு, எந்தச் சுரத்தில் நின்று மூச்சு வாங்கலாம் என்பதெல்லாம் குரு வீட்டில் வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு ஏறியவை. ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் இருட்டிலும் சந்து பொந்தெல்லாம் புகுந்து வீடு வந்து சேர்வதுபோல, அந்தப் பழக்கம் ஏறியவருக்குத்தான் புது வழி கண்ணில் படும்.

காரைக்கால் சின்ன வட்டாரம். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு துண்டு, ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர். கிழக்கே கடல், மற்றப் பக்கமெல்லாம் தமிழ்நாடு. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் கைக்கு வந்தது. எல்லைக்கோடு சரக்குக்கு உண்டு, நாயனத்துக்குக் கிடையாது. இன்று திருநள்ளாற்றில் வாசிக்கிற செட் நாளைக்குத் திருக்கடையூரில் இருக்கும், மறுநாள் நாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும்.

இந்த ஊருக்கும் இசைக்கும் உள்ள சொந்தம் பிரெஞ்சுக்காரருக்கு வெகுகாலம் முந்தியது. காரைக்கால் அம்மையாரைப் பேயுருவில் நிற்கும் அடியாராகவே நமக்குக் காட்டியிருக்கிறார்கள். அவரை இசைக்காரராகப் பார்ப்பவர்கள் குறைவு. தேவார மூவருக்கும் முந்தியவர் அவர். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் பண்ணோடு அமைந்தவை; ஒன்று நட்டபாடை, மற்றது இந்தளம். துத்தம், கைக்கிளை, விளரி என்று ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களையும், தக்கை, துந்துபி, மத்தளம் என்று வாத்தியங்களையும் ஒரே பாட்டில் அடுக்கிவிடுகிறார். சுடுகாட்டு ஆட்டத்துக்கு ஒரு முழு மேளத்தையே கூட்டி வைத்தவர் என்று சொன்னால் மிகையாகாது. அந்த நட்டபாடையை ஓதுவார்கள் இன்று கம்பீர நாட்டையில் பாடுகிறார்கள். சாமி புறப்படும்போது நாயனத்தில் முதலில் கேட்கிற மல்லாரியும் அதே கம்பீர நாட்டைதான்.

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி அம்மையார் கோயிலில் மாங்கனித் திருவிழா நடக்கும். வெளியூர்க்காரர்கள் மாங்கனி வீசுவதைப் பார்க்க வருவார்கள். நீங்கள் வந்தால் மேளத்துக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள் என்பேன். ஏனென்றால் ஒரு நாயனக்காரர் வருஷம் முழுக்கச் செய்கிற வேலை அத்தனையும் இந்த ஒரே திருவிழாவில் வரிசையாக வந்துவிடும். முதலில் அம்மையாரின் கணவர் பரமதத்தருக்கு மாப்பிள்ளை அழைப்பு. வீதி ஊர்வலம், நடைக்கேற்ற வாசிப்பு. அடுத்து புனிதவதியாருக்கும் (அம்மையாரின் இயற்பெயர்) அவருக்கும் திருக்கல்யாணம்; முகூர்த்தம், கெட்டிமேளம். அதன்பின் பிட்சாடனர் பவளக்கால் சப்பரத்தில் வீதியுலா வருகிறார். வீட்டு வாசலிலிருந்தும் மாடியிலிருந்தும் மாம்பழம் பறந்து வரும். தலையைக் காத்துக்கொண்டே ராகத்தையும் காக்க வேண்டும்.

வீதியுலாவில்தான் வேலையின் நுட்பம் இருக்கிறது. கோயிலுக்குள் தவில்காரர் அலாரிப்பு வாசிப்பார், பிறகு மல்லாரி. மல்லாரியில் சாகித்யம் கிடையாது. தாளச் சொற்கட்டுகளைச் சுரத்தில் ஏற்றியதுபோல இருக்கும். அதையே ஒரு காலம் கூட்டி, குறைத்து, மூன்று காலத்திலும் வாசிப்பார்கள். இன்ன சந்தர்ப்பத்துக்கு இன்ன மல்லாரி என்ற கணக்கும் உண்டு. தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று, தேருக்கு ஒன்று. மல்லாரி காதில் விழுந்தால் சாமி புறப்பட்டுவிட்டது என்று தெருக்கோடியில் இருப்பவருக்கும் தெரியும். சாமி வீதிக்கு வந்தபின் ராகம் தொடங்கும். இங்கேதான் சிக்கல். சாமி எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டில் அர்ச்சனைத் தட்டு ஒன்று, அடுத்த வீட்டில் பத்து. மண்டகப்படிக்காரர் மாலையோடு காத்திருப்பார், நேரம் இழுக்கும். மின்கம்பி தாழ்ந்திருந்தால் சப்பரம் நின்றுவிடும். ராகத்தை மத்தியமத்தில் வளர்த்துக்கொண்டிருக்கும்போது சப்பரம் நகர்ந்துவிட்டால் பாதியில் அறுக்கக் கூடாது. அழகாக ஒரு சுரத்தில் இறக்கி, நடந்துகொண்டே வாசிக்கத் தக்க ஒன்றுக்கு மாற வேண்டும். சாமி நின்றுவிட்டால், முடிந்துபோன ஆலாபனைக்கு இன்னொரு கதவைத் திறக்க வேண்டும். சபாவில் கச்சேரி செய்கிறவர் தன் நேரத்தைத் தானே பங்கிட்டுக்கொள்வார். வீதியில் வாசிக்கிறவருக்கு நேரத்தைப் பங்கிடுவது சாமி தூக்குகிறவர்கள்.

ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸிலும் இதே கதைதான். அங்கே பித்தளை வாத்தியக் கோஷ்டிகள் சவ ஊர்வலத்தின் முன்னால் வாசித்துப் போகும். போகும்போது நிதானமான துக்கப் பாட்டு, அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளல். ஊர் ஜனம் பின்னாலேயே ஆடிக்கொண்டு வரும். 1901இல் அந்த ஊரில் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங் சிறுவயதில் அப்படிப்பட்ட ஊர்வலங்களின் பின்னால் சுற்றியவர். நடந்துகொண்டே கேட்கிற கூட்டத்துக்கு, நடந்துகொண்டே கற்பனை செய்து வாசித்த இசை அது. பின்னால்தான் அரங்கத்துக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தது.

சரி, ஒரு செட் எப்படி வேலை செய்கிறது? பெரும்பாலும் இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு தாளம், ஒரு சுருதிப் பெட்டி. முன்பு சுருதிக்கு ஒத்து என்று ஒரு குழல் இருந்தது. அதை ஊதுகிறவர் மூச்சைச் சுழற்றி, இடையே அறுந்துபோகாமல் ஒரே சுரத்தை மணிக்கணக்கில் நிறுத்துவார். சுருதிப் பெட்டி வந்ததும் செட்டில் ஓர் ஆள் குறைந்துபோனார். பெரிய நாயனம் ஒரு பிடியை ஊதி விடும். அவர் மூச்சு வாங்குகிற நேரத்தில் துணை நாயனம் அந்தப் பிடியின் வாலைப் பற்றி நீட்டும். சில சமயம் வேறு பக்கம் திருப்பிக் கொண்டுபோய் விடும். அது நன்றாக இருந்தால் பெரியவர் அதையே பிடித்துக்கொண்டு மேலே போவார். நன்றாக இல்லையென்றால் ஒரு பார்வை. அந்தப் பார்வைக்குச் செட்டுக்குள் பெரிய மரியாதை உண்டு.

ஆலாபனைக்குத் தாளம் இல்லையே, தவில்காரருக்கு அப்போது என்ன வேலை என்று நினைப்பீர்கள். மற்றக் கச்சேரிகளில் மிருதங்கக்காரர் ராகம் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பார். நாயனமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளத்தில் அப்படி இல்லை. நாயனம் ஒரு கட்டத்தை முடிக்கும் இடைவெளியில் தவில் உள்ளே நுழைந்து ஒரு சொல்லை விதைத்துவிட்டு ஒதுங்கும். வலந்தலையில் விரல்களுக்குக் கூடு மாட்டிய கை, தொப்பியில் கழி பிடித்த கை. நாயனக்காரர் அடுத்த பிடியை எந்த வேகத்தில் எடுப்பார் என்பதை அந்தச் சொல்லே பாதி தீர்மானித்துவிடும். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி என்ற தவில்காரர்களைப் பற்றிக் கேட்டால் பழைய ஆட்கள் இன்னும் கையைத் தொடையில் தட்டிக்காட்டித்தான் பேசுவார்கள். வாயால் சொல்ல முடியாத விஷயம்.

இந்தப் பேச்சில் ரக்தியைச் சொல்லாமல் விட முடியாது. அது பெரிய மேளத்துக்கே உரியது. பாட்டு வரி இல்லை. தாளக் கணக்கில் கட்டிய ஒரு நாயன வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, காலம் மாற்றி மாற்றி, ராகத்துக்குள்ளேயே விரித்துக்கொண்டு போவது. தவிலும் நாயனமும் ஒருவரை ஒருவர் விடாமல் துரத்தும். செம்பொன்னார்கோயில் ராமசாமி பிள்ளையின் வழியில் வந்தவர்கள் இதில் பேர் போனவர்கள். செம்பொன்னார்கோயில் நமக்கு அடுத்த ஊர் மாதிரிதான், மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் போகிற சாலையில். மனோதர்ம இசையில் இதைவிடக் கடினமானது எங்கே இருக்கிறது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. இன்றைக்கு ரக்தியைக் கேட்டு வாங்குகிற கல்யாண வீடு எத்தனை என்று கேட்டாலும் தெரியாது, அது வேறு காரணத்துக்காக.

வாத்தியத்தைக் கொஞ்சம் பாருங்கள். உடம்பு ஆச்சா மரம். கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் செய்கிறார்கள். பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கிற, பல்லாண்டு காய்ந்து ஈரமெல்லாம் போன மரம்தான் வேண்டும். 2022இல் அந்த ஊர் நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கீழே அணைசு, மேலே கெண்டை, அதில் சீவாளி. விரலுக்கு ஏழு துளை. சாக்ஸபோனில் இருப்பதுபோலச் சாவிகள் கிடையாது. ஒரு துளையிலிருந்தே பக்கத்துச் சுரங்களையும் உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சாலும் விரலைப் பாதி திறந்தும் வரவழைக்க வேண்டும். சீவாளி காவிரிக் கரையில் விளைகிற நாணலில் செய்வது. அது ஓர் உயிருள்ள சாமான். கடல் காற்றின் ஈரத்தில் ஒரு மாதிரி பேசும், சித்திரை வெயிலில் வேறு மாதிரி பேசும். அதனால்தான் நாயனத்தின் கழுத்தில் நாலைந்து சீவாளி கயிற்றில் தொங்கும். வாசிக்கத் தொடங்குமுன் வாயில் போட்டு ஊறவைப்பதைப் பார்த்து வெற்றிலை என்று நினைக்கிறவர்களும் உண்டு.

முன்காலத்தில் திமிரி என்ற குட்டை நாயனம்தான். சுருதி நாலு கட்டைக்கும் மேலே, ஊரையே எழுப்புகிற கூர்மை. அதை இறக்கி, இரண்டு இரண்டரைக் கட்டையில் நிதானமாகப் பேசுகிற நீளமான பாரி நாயனம் பரவியதற்குக் காரணம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அவருக்காக அதைத் திருத்தமாகச் செய்துகொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. சுருதி இறங்கியதும் சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசிற்று, ராகத்தை நிறுத்தி நிறுத்தி வளர்க்க இடம் கிடைத்தது. கருவி மாறினால் கற்பனையும் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேட வேண்டாம்.

ராஜரத்தினம் பிள்ளை பெயரில் திருவாவடுதுறை இருந்தாலும் பிறந்தது திருமருகலில், 1898இல். திருமருகல் காரைக்காலுக்குப் பக்கத்து ஊர். தோடியை மணிக்கணக்கில் வாசித்தவர் என்று சொல்வார்கள். அந்தத் தோடி ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷச் சொச்சம் ஓடும் கிராமபோன் தட்டிலும் ஏறி வீடு வீடாகப் போனது. 1947 ஆகஸ்ட் 14 அன்று டில்லியில் திருவாவடுதுறை ஆதீனத்தார் நேருவிடம் செங்கோல் கொடுத்தபோது கூட இருந்த நாயனம் அவருடையது. சினிமாவிலும் நடித்தார். 1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் எடுத்த படம், பெயர் காளமேகம். அதில் அவர்தான் காளமேகப் புலவர்.

காளமேகம் யார்? கேட்ட மாத்திரத்தில் பாடுகிற ஆசுகவி. திருமலைராயன் சபையில் உயிரைப் பணயம் வைக்கும் எமகண்டம் பாடி, போட்டிக்கு வந்த புலவர்களையெல்லாம் மடக்கினார், கோபம் வந்து அந்த ஊரே மண்மாரியில் போகட்டும் என்று பாடினார் என்பது வழிவழியாக வரும் கதை. அந்தத் திருமலைராயன்பட்டினம் இன்று காரைக்கால் வட்டாரத்துக்குள் இருக்கிறது. பக்கத்து ஊரில் பிறந்து, எழுதி வைக்காமல் வாசித்தவர், இந்த ஊரில் எழுதி வைக்காமல் பாடியவராக வேஷம் கட்டியிருக்கிறார். இந்தப் பொருத்தத்தை யோசித்துச் செய்தார்களா என்று தெரியவில்லை. எனக்கு அதை நினைத்தால் இன்னொரு டீ சொல்லத் தோன்றும்.

ராஜரத்தினம் பிள்ளை சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தது உட்காரும் உரிமை. நாயனக்காரர் நின்றுதான் வாசிக்க வேண்டும், துண்டு இடுப்பில்தான் இருக்க வேண்டும் என்று இருந்த காலம். அவர் கிராப்பு வைத்துக்கொண்டார், ஷெர்வானி போட்டுக்கொண்டார், பாட்டுக்காரருக்குச் சமமாக மேடை கேட்டார். கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் நாயனக்காரர் மதுரை சிவக்கொழுந்து வேர்வை துடைக்கத் தோளில் துண்டு போட்டிருந்ததற்கே ஆட்சேபம் வந்தது. சுயமரியாதை இயக்கத்தைச் சேர்ந்த பட்டுக்கோட்டை அழகிரி குறுக்கே நின்று, துண்டை எடுக்கவேண்டியதில்லை என்று வாதாடினார். சாமிக்கு முன்னால் முதலில் போகிற மனிதருக்கு மனிதர்கள் முன்னால் இந்த நிலை. அமெரிக்காவில் கறுப்பின ஜாஸ்காரர்கள் தாங்கள் வாசித்த ஓட்டலுக்குள்ளேயே பின்வாசல் வழியாகப் போக வேண்டியிருந்ததும் அதே நூற்றாண்டில்தான். கற்பனைக்குக் கைதட்டிவிட்டு ஆளை வெளியே நிறுத்துவது எங்கும் ஒரே மாதிரி நடந்திருக்கிறது.

பிழைப்பு விஷயத்துக்கு வருவோம். ராஜராஜன் காலத்தில் கணக்கு கல்லில் வெட்டியிருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கும், குழல் ஊதுவார், கொட்டுவார் முதலானவர்களுக்கும் பங்கு ஒதுக்கினார்கள். ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். பின்னாளிலும் பல கோயில்களில் மேளத்துக்கு மானிய நிலம் இருந்தது. இன்று கோயில் வேலையில் இருப்பவருக்கு மாதச் சம்பளம். அது தினசரிப் பூஜைக்கு. குடும்பம் நடப்பது வெளி வேலையில். வெளி வேலை என்பது முகூர்த்தம். தை, மாசி, பங்குனி, வைகாசி, ஆவணி என்றால் ஒரே நாளில் மூன்று இடத்தில் கூப்பிடுவார்கள், ஒன்றைத்தான் ஒப்புக்கொள்ள முடியும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஆடிக்கு அம்மன் கோயில்கள் கை கொடுக்கும், மார்கழிக்கு விடியற்காலைப் பூஜை. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் திருக்கடையூர் ஒரு தனி ஆறுதல். அங்கே நடக்கும் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் வயதையும் ஜன்ம நட்சத்திரத்தையும் பார்த்து நடப்பவை, ஊர் முகூர்த்தத்துக்குக் காத்திருப்பதில்லை. வாசிப்பு கைவந்த இளைஞர்களில் சிலர் சிங்கப்பூர், மலேசியா, லண்டன், டொராண்டோ கோயில்களுக்கு ஒப்பந்தத்தில் போகிறார்கள். போகாமல் இருக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கல்யாண வேலை எளிது என்று நினைக்க வேண்டாம். விடியற்காலை பூபாளத்தில் தொடங்கி, பொழுது ஏற ஏற ராகமும் மாற வேண்டும். கண் எப்போதும் சாஸ்திரிகள் கைமேல். ஆலாபனை எந்த இடத்தில் இருந்தாலும் சரி, அவர் விரல் அசைந்தால் கெட்டிமேளம். தாலி ஏறுகிற நேரத்தில் தும்மலோ அழுகையோ காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான் அந்த முழக்கம். ஒரு நொடி பிந்தினால் கல்யாண வீடு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டும். அந்த நொடிக்கு முன்னாலும் பின்னாலும் கிடைக்கிற நேரத்தில்தான் அவர் இசைக்கலைஞர்.

ஜாஸும் நாயனமும் நேருக்கு நேர் சந்தித்ததும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்ஸபோன்காரர் நாயனம் கற்றுக்கொண்டார். ஜாஸ்காரர் எபர்ஹார்ட் வெபர் 1975இல் பதிவுசெய்த யெல்லோ ஃபீல்ட்ஸ் இசைத்தட்டில் அவர் நாயனம் வாசித்திருக்கிறார். எதிர்த் திசையில், கத்ரி கோபால்நாத் நாயனக்காரரின் மகனாகப் பிறந்து சாக்ஸபோனைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். 1980இல் பம்பாய் ஜாஸ் யாத்ராவில் ஜாஸ்காரர் ஜான் ஹேண்டியோடு மேடையேறினார். நல்ல விஷயங்கள்தான். ஆனால் மேடையில் இரண்டு வாத்தியம் சேர்வதைவிட, தினப்படி வேலையில் இரண்டு பேரும் படுகிற பாடு ஒன்றாக இருப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சினிமாப் பாட்டு கேட்கிறார்கள், அதனால்தான் கெட்டுவிட்டது என்று ஒரு புலம்பல் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. ஜாஸ்காரர்கள் வாசித்துப் பெயர் வாங்கிய பாட்டுகளில் ஏராளமானவை நாடகத்திலிருந்தும் சினிமாவிலிருந்தும் எடுத்தவைதான். பாட்டு தெரிந்ததாக இருந்தால் கேட்பவருக்குப் பிடிமானம் கிடைக்கும், வாசிப்பவர் எங்கே விலகிப் போகிறார் என்பது புரியும். 1962இல் கொஞ்சும் சலங்கை படத்தில் காருகுறிச்சி அருணாசலம் வாசித்த சிங்காரவேலனே பாட்டைக் கேட்காத ஊர் உண்டா? 1968இல் தில்லானா மோகனாம்பாளில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்ததைக் கேட்டு நாயனத்தின் பக்கம் திரும்பியவர்கள் எத்தனை பேர்! சிங்காரவேலனே கேளுங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால் அந்தப் பாட்டின் ராகமான ஆபேரியைக் கால் மணி வாசிக்க விடுங்கள்.

தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. வாசிக்கக் கிடைத்த நேரம் போய்விட்டது. வரவேற்புக்கு மெல்லிசைக் குழு, ஊர்வலத்துக்குச் செண்டை மேளம், சாப்பாட்டுக் கூடத்தில் ஒலிபெருக்கி. நாயனத்துக்கு மிஞ்சுவது தாலி கட்டும் அந்தக் கொஞ்ச நேரம். பல கோயில்களில் பூஜை நேரத்துக்கு மோட்டார் வைத்த மேளம் வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் முரசும் மணியும் தானே அடித்துக்கொள்ளும். சத்தம் வருகிறது, சம்பளம் மிச்சம். கற்பனை செய்து வாசிக்கிறவருக்குப் பயிற்சிக் கூடமே வாசிக்கிற இடம்தான். வீட்டில் அசுர சாதகம் செய்யலாம். நூறு பேர் நடுவில், துணை நாயனம் திருப்பிவிட்ட பிடியை ஒரு நொடியில் வாங்கி வளர்ப்பதை வீட்டில் பழக முடியாது. அரசு இசைப் பள்ளிகளில் நாயனமும் தவிலும் சொல்லித் தருகிறார்கள், பிள்ளைகளும் படிக்கிறார்கள். வர்ணமும் கீர்த்தனையும் அங்கே வந்துவிடும். ஒரு மணி நேர ராகம் வீதியில்தான் வரும். வீதியில் யாரும் ஒரு மணி நேரம் கொடுக்காவிட்டால், ராகம் வாசிக்கத் தெரிந்தவருக்கும் அது நாளடைவில் பத்து நிமிஷமாகச் சுருங்கிவிடும்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். வீட்டில் கல்யாணம் வந்தால் செட் பேசப் போகும்போது பணத்தோடு நேரத்தையும் பேசுங்கள். முதல் நாள் மாலையோ, முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும்போதோ, முக்கால் மணி நேரம் அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். அந்த நேரத்துக்கு மற்ற ஒலிபெருக்கிகளை அணைத்து வையுங்கள். நன்றாக உட்கார ஒரு மேடை போடுங்கள். என்ன வாசிக்கலாம் என்று அவர் கேட்டால், உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் போய் உட்காருங்கள்.